சான் ஆண்ட்ரியாஸை இப்போது ஆடுவதென்றால் எந்தப் பதிப்பில் ஆடுவது?

ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) வரிசையில் வந்த சான் ஆண்ட்ரியாஸ் என்ற வீடியோ கேமில், மவுன்ட் சிலியாட் என்ற மலையின் உச்சிக்கு முதல்முறை ஏறியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தெருமுனை பிரவுசிங் சென்டர், மணிக்கு இருபது ரூபாய், கையில் மீதி பத்து நிமிடம். சான்செஸ் பைக்கில் இரண்டு முறை உருண்டு விழுந்து, மூன்றாவது முறை மேலே போய் நின்றேன். கீழே ஒன்றுமே தெரியவில்லை. மலைச் சரிவு கொஞ்ச தூரம் இறங்கி, அப்புறம் வெளிறிய மூட்டத்துக்குள் கரைந்துபோனது. அந்த மூட்டத்துக்குப் பின்னால் எங்கேயோ கேமின் முதல் நகரமான லாஸ் சான்டோஸ் இருக்கிறது, அதற்கும் அப்பால் நான் இன்னும் பார்க்காத ஊர்கள் இருக்கின்றன என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. பக்கத்து சீட்டில் இருந்த அண்ணன், "இன்னும் ரெண்டு சிட்டி இருக்கு தம்பி" என்றார். அவ்வளவு பெரிய இடத்தை அதற்கு முன் எந்த கேமிலும் நான் பார்த்ததில்லை.

2021இல் வந்த மெருகேற்றிய பதிப்பில் அதே மலையில் ஏறினால், முதலில் வெளியான நிலையில், மூட்டமே இல்லை. மூன்று நகரங்களும் ஒரே பார்வையில் விழுந்தன. மொத்த மாநிலமும் ஆறு கிலோமீட்டருக்கு ஆறு கிலோமீட்டர்தான் என்பது அப்பட்டமாகத் தெரிந்துவிட்டது.

எந்தப் பதிப்பை வாங்கலாம் என்று என் தங்கை மகன் கேட்டபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இந்த மலைதான். அவனுக்குப் பத்தொன்பது வயது. ஜிடிஏ ஐந்தாம் பாகத்தை முடித்துவிட்டான், ஆறாவதற்காகக் காத்திருக்கிறான். அதற்குள் பழையதில் ஒன்றையாவது ஆடிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

ஜிடிஏ வரிசையில் பழையது ஒன்றை மட்டும் ஆட நேரம் இருக்கிறது என்றால் அது சான் ஆண்ட்ரியாஸாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. 2004 அக்டோபரில் பிளேஸ்டேஷன் 2இல் வந்தது. அடுத்த ஆண்டு ஜூனில் கம்ப்யூட்டருக்கு வந்தது. கதை நடப்பது 1992இல். அம்மா கொல்லப்பட்ட செய்தி கேட்டு, ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு கார்ல் ஜான்சன் என்ற சிஜே ஊர் திரும்புகிறான். வீடு போய்ச் சேருமுன்பே போலீஸ் அதிகாரி டென்பென்னி அவனை மடக்கி, பணத்தைப் பிடுங்கிக்கொண்டு, எதிரிக் கும்பலின் தெருவில் இறக்கிவிட்டுப் போகிறார். டென்பென்னிக்குக் குரல் கொடுத்தவர் சாமுவேல் எல். ஜாக்சன். அவர் இருக்கும் க்ராஷ் பிரிவின் பெயர் கற்பனை அல்ல; லாஸ் ஏஞ்சலஸ் போலீஸில் அதே பெயரில் ஒரு பிரிவு உண்மையிலேயே இருந்தது. கேமின் கடைசிப் பகுதியில் நகரமே பற்றி எரிவதும் அப்படித்தான். ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த போலீஸ்காரர்கள் 1992 ஏப்ரலில் விடுதலையானபோது லாஸ் ஏஞ்சலஸில் நடந்த கலவரத்தின் நிழல் அது. சின்ன வயதில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஹெசோயாம் என்று தட்டினால் இரண்டரை லட்சம் டாலர் வரும், ஏஸக்மி என்று தட்டினால் போலீஸ் வராது, அவ்வளவுதான் தெரியும். இருபத்தைந்து வயதுக்கு மேல், சீட் கோடு எனும் இந்தக் குறுக்குவழிச் சொற்கள் இல்லாமல் ஒழுங்காக ஆடியபோதுதான் எவ்வளவு கனமான கதை என்று புரிந்தது. கேம் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் பையன் கேட்கிறான் என்று அப்படியே வாங்கிக் கொடுத்துவிட வேண்டாம்.

சரி, எதில் ஆடுவது? நடைமுறையில் மூன்று வழிகள். கம்ப்யூட்டரில் பழைய அசல் பதிப்பு, போனில் வந்த பதிப்பு, அப்புறம் 2021இல் வந்த அந்த மெருகேற்றிய டெஃபினிட்டிவ் எடிஷன். பிளேஸ்டேஷன் 2உம் வட்டும் இன்னும் வேலை செய்கிற நிலையில் வைத்திருப்பவருக்கு நான் ஆலோசனை சொல்லத் தேவையில்லை. அந்த ஆரஞ்சு நிற வெயில் அசலாக இருப்பது அங்கேதான்.

முதலில் கம்ப்யூட்டர் அசல். நிறுவ அப்போது ஐந்து ஜிபி கூடத் தேவைப்படவில்லை. இன்றைக்குச் சாதாரண ஆபீஸ் லேப்டாப்பில்கூட ஓடும். ஆனால் நிறுவியவுடன் அப்படியே ஆடலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். புதிய விண்டோஸில் சில நேரம் மவுஸ் வேலை செய்யாது. அகலத் திரையில் படம் சரியாகப் பொருந்தாது. நொடிக்கு எத்தனை படம் ஓடலாம் என்று கட்டுப்படுத்தும் ஃபிரேம் லிமிட்டரை அணைத்தால் படம் வழவழப்பாக ஓடும், ஆனால் கேமின் கணக்குகள் குழம்பும். நீந்தினால் சிஜே நகரவே மாட்டான் போல இருக்கும். ஆகவே லிமிட்டரை அணைக்காமல் விடுவதுதான் நல்லது.

இதையெல்லாம் சரிசெய்யும் மோட்களை, அதாவது கேமை மாற்றியமைக்கும் சின்ன நிரல்களை, ரசிகர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அவற்றில் சைலன்ட்பேட்ச் என்பதை நான் மனதார மதிக்கிறேன். ஏன் என்று ஒரு சம்பவத்தைச் சொன்னால் புரியும். விண்டோஸ் 11இன் 24ஹெச்2 அப்டேட் வந்த பிறகு, ஸ்கிம்மர் என்ற மிதவை விமானம் கேமிலிருந்து காணாமல் போனது. வேறு வழியில் வரவழைத்து உள்ளே உட்கார்ந்தால் ஆட்டக்காரர் நம்பவே முடியாத உயரத்துக்கு வானில் தூக்கி எறியப்பட்டார். எல்லோரும் விண்டோஸைத் திட்டினார்கள். சைலன்ட்பேட்சை எழுதியவர் உட்கார்ந்து நோண்டிப் பார்த்து, 2025இல் காரணத்தை விளக்கமாக எழுதினார். கேமில் எல்லா வண்டிகளின் விவரமும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கிறது, வண்டிக்கு ஒரு வரி. ஸ்கிம்மர் வரியில் மட்டும் சக்கர அளவுக்கான எண்கள் விட்டுப்போயிருக்கின்றன. இதற்கு முந்தைய ஜிடிஏ கேமான வைஸ் சிட்டியில் அது படகு வகையில் இருந்ததால் அங்கே சக்கரக் கணக்கே தேவைப்படவில்லை. எண் இல்லாதபோது கேம் என்ன செய்தது? அதற்கு முந்தைய வரியில் இருந்த வண்டியின் எண் மெமரியில் அழியாமல் மிச்சமிருந்தது, அதையே எடுத்துக்கொண்டது. இருபது வருடம் இப்படியே ஓடியிருக்கிறது. புதிய விண்டோஸ் அந்த மெமரி இடத்தை வேறு வேலைக்குப் பயன்படுத்த ஆரம்பித்தவுடன் மிச்ச எண் அழிந்து, குப்பை எண் வந்து உட்கார்ந்தது, விமானம் போய்விட்டது. தவறு விண்டோஸில் இல்லை, கேமில்தான் முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது.

காசு வாங்காமல் இந்த வேலையைச் செய்கிறார்கள். அசல் பதிப்பு இன்றும் உயிரோடு இருப்பதற்கு இவர்கள்தான் காரணம். சைலன்ட்பேட்சோடு வைட்ஸ்கிரீன் ஃபிக்ஸ், மோட் லோடர், ஸ்கைஜிஎஃப்எக்ஸ் ஆகிய மூன்றையும் சேர்த்துக்கொண்டால் போதும். கடைசியாகச் சொன்னது முக்கியம். கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தபோது பிளேஸ்டேஷன் 2இன் வண்ணச் சாயலும் வெளிச்ச நயங்களும் நிறையத் தொலைந்துபோயின. அவற்றைத் திரும்பக் கொண்டுவருவது இந்த மோட்தான். போட்டுவிட்டு லாஸ் சான்டோஸில் மாலை ஆறு மணிக்குக் கடற்கரைப் பக்கம் வண்டி ஓட்டிப் பாருங்கள். காற்றில் தூசியும் புகையும் கலந்த அந்த வெப்பம் திரையிலிருந்து நம் மேல் அடிப்பது போல இருக்கும்.

இதில் ஒரு சிக்கல், எந்த அசல் என்பது. பெரும்பாலான மோட்கள் முதலில் வந்த 1.0 பதிப்பை எதிர்பார்க்கின்றன. 2005இல் கேமுக்குள் ஒளித்துவைத்திருந்த ஒரு பாலியல் காட்சி மோட் மூலம் வெளியே வந்து, அமெரிக்காவில் பெரிய சர்ச்சையாகி, கேமின் வயது மதிப்பீடே மாறிப்போனது. அதன் பிறகு வந்த பதிப்புகளில் அந்தக் காட்சியோடு மோட் வசதிகளையும் முடக்கினார்கள். ஸ்டீம் என்ற இணையக் கடையில் 2014இல் வந்த அப்டேட்டில், உரிமம் முடிந்ததால் ரேடியோவிலிருந்து சில பாடல்கள் நீக்கப்பட்டன. ஆக, 2005ஆம் ஆண்டின் ஆரம்ப டிவிடி யாரிடமாவது இருந்தால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்குப் பதிப்பை மாற்றிக்கொடுக்கும் டவுன்கிரேடர் கருவிகள் உண்டு. கண்ட கண்ட தளங்களில் முழு கேமும் இலவசம் என்று கொடுப்பதை மட்டும் எடுக்காதீர்கள். அப்படி எடுத்த ஒன்றால் என் பழைய சிஸ்டத்தை முழுக்க ஃபார்மட் செய்ய வேண்டியதாயிற்று. கல்லூரிக் காலப் போட்டோக்கள் அத்தனையும் போய்விட்டன.

போன் பதிப்பைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. 2013 டிசம்பரில் வந்தது. மூன்று ஜிபிக்குள் அடங்கும், சாதாரண போனிலும் ஓடும், தோற்றால் மிஷனின் நடுவிலிருந்தே தொடர செக்பாயின்ட் உண்டு. பஸ்ஸில் உட்கார்ந்து கும்பல் சண்டை போட்டு இரண்டு தெருவைப் பிடிக்கலாம் என்பதெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் தொடுதிரையில் விமானம் ஓட்டும் பயிற்சிப் பள்ளியைத் தாண்டுவது வேதனை. வெர்டன்ட் மெடோஸ் விமானத்தளத்தை எண்பதாயிரம் டாலர் சேர்த்து வாங்கிய பிறகு வரும் அந்தப் பயிற்சிகளில், கட்டைவிரல் திரையில் அரை அங்குலம் நழுவினாலே விமானம் தரையில் குத்திவிடும். புளூடூத் கன்ட்ரோலர் இருந்தால் மட்டும் யோசியுங்கள். டெஃபினிட்டிவ் எடிஷனும் 2023 டிசம்பரில் நெட்ஃப்ளிக்ஸ் வழியாகவும் தனியாகவும் போனுக்கு வந்தது. பார்க்க அழகு, ஆனால் நல்ல போன் வேண்டும்.

இப்போது டெஃபினிட்டிவ் எடிஷன். மூன்றாம் பாகம், வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் மூன்றையும் அன்ரியல் இன்ஜின் 4 என்ற கேம் உருவாக்கும் மென்பொருளின் துணையோடு மெருகேற்றி, 2021 நவம்பர் 11 அன்று வெளியிட்டார்கள். அப்போதைய விலை 60 டாலர். செய்தது குரோவ் ஸ்ட்ரீட் கேம்ஸ். வார் டிரம் ஸ்டுடியோஸ் என்ற பெயரில் போன் பதிப்பைச் செய்தவர்களும் இவர்களே. வெளியான நாட்களில் இணையமெங்கும் ஸ்கிரீன்ஷாட்கள் பறந்தன. மழை பெய்தால் வெள்ளைக் கோடுகள் திரையை மறைத்தன, பாதை தெரியவில்லை. பழைய படங்களைக் கருவி வைத்து மொத்தமாகப் பெரிதாக்கியதில் கடைப் பலகைகளில் எழுத்துகள் மாறிப்போயின. டஃப் நட் டோனட்ஸ் கடையின் பலகையில் அசலில் ஆறு மூலை கொண்ட இரும்பு நட் ஒன்று இருக்கும். நட் என்றால் கொட்டை, இரும்பு நட் இரண்டும்; பெயரை வைத்து வரைந்தவர் செய்த சின்ன விளையாட்டு அது. மெருகேற்றியதில் மூலைகள் மழுங்கி வெறும் வட்டமாகிவிட்டது. மற்றக் குறைகளைவிட எனக்கு அதிகம் வலித்தது இதுதான். யாரோ ஒருவர் யோசித்து வரைந்ததை, அது என்ன என்று யாருமே பார்க்காமல் தேய்த்துவிட்டார்கள்.

மூட்டம் போனதும் அதே கதைதான். பிளேஸ்டேஷன் 2இல் மெயின் மெமரி வெறும் 32 எம்பி. தூரத்தில் இருப்பதையெல்லாம் வரைய முடியாது என்பதால் மூட்டம் போட்டு மறைத்தார்கள். ஆனால் மறைத்த விதம் இருக்கிறதே, அங்கேதான் கைத்திறன். லாஸ் சான்டோஸில் அது நகரத்துப் புகை, இரண்டாவது நகரமான சான் ஃபியரோவில் கடற்பனி, பாலைவனத்தில் புழுதி. சாலைகளை நேராகப் போடாமல் மலையைச் சுற்றிச் சுற்றிப் போட்டார்கள். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போகையில் நடுவே ஒரு காடு, ஒரு பாலம், ஒரு பாழடைந்த பெட்ரோல் பங்க் தாண்டினோம். நீண்ட பயணம் போய்விட்டோம் என்று மனம் நம்பியது. இன்றைய கம்ப்யூட்டருக்கு அந்த வறுமை இல்லை என்று மூட்டத்தை நீக்கினால் நீங்குவது வறுமை மட்டுமல்ல, ஊரின் அளவும் சேர்ந்து நீங்குகிறது. புதுப்பிக்கிறோம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

எதிர்ப்பு பலமாக வந்தது. ஒரு வாரத்தில் ஜிடிஏவை வெளியிடும் ராக்ஸ்டார் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அக்டோபரில் கடைகளிலிருந்து எடுத்துவிட்ட அசல் பதிப்புகளைத் தன் சொந்தக் கடையில் திரும்ப வைப்பதாகவும் சொன்னது. அதன் பிறகு பல பேட்ச்கள் வந்தன. பெரிய மாற்றம் 2024 நவம்பரில் வந்தது. ஆஸ்திரேலியாவின் வீடியோ கேம்ஸ் டீலக்ஸ் நிறுவனம் டெஃபினிட்டிவின் போன் பதிப்புக்காகச் செய்திருந்த திருத்தங்கள் கன்சோலுக்கும் கம்ப்யூட்டருக்கும் வந்துசேர்ந்தன. கிளாசிக் லைட்டிங் என்று ஒரு அமைப்பு. அதைப் போட்டால் பழைய வானத்தின் நிறமும் மங்கலும் திரும்பி வருகின்றன. 2021இல் பார்த்து வெறுத்து ஒதுக்கியவர்கள் இப்போது ஒருமுறை திறந்து பார்க்கலாம். முகங்கள் இன்னும் பொம்மைத்தனமாகத்தான் இருக்கின்றன, அதை நான் மறைக்கவில்லை. சில பாடல்கள் இதிலும் இல்லை. பிளேஸ்டேஷன் 2இல் நண்பனோடு சேர்ந்து இரண்டு பேராக ஆடும் வசதி இருந்தது, அதையும் எடுத்துவிட்டார்கள். மூன்று கேமுக்கும் சேர்த்து 45 ஜிபி இடமும் 8 ஜிபி ரேமும் ஓரளவு கிராபிக்ஸ் கார்டும் வேண்டும், ஆகவே ஆபீஸ் லேப்டாப் தாங்காது.

அப்படியானால் எதற்காக அதைப் பரிந்துரைக்க வேண்டும்? சிஜேயின் நண்பர் பிக் ஸ்மோக்கோடு ரயிலைத் துரத்தும் அந்த மிஷனுக்காக.

ஆடியவர்களுக்குத் தெரியும். நாம் பைக் ஓட்ட வேண்டும், ஸ்மோக் பின்னால் உட்கார்ந்து ரயில் கூரையில் நிற்பவர்களைச் சுட வேண்டும். ரயிலை ஒட்டியே போனால் அவர் குறி தவறிக்கொண்டே இருக்கும். வலப்பக்கம் கொஞ்சம் விலகி ஓட்டினால்தான் படும். இதை யாரும் சொல்லித்தருவதில்லை. தோற்றால் ஸ்மோக், பின்தொடர்வதுதானே உன் வேலை என்று திட்டுவார். அசலில் அதன் பிறகு என்ன ஆகும்? செத்திருந்தால் ஆஸ்பத்திரி வாசலில் கண்விழிப்போம், துப்பாக்கிகள் எல்லாம் போயிருக்கும். ஒரு வண்டியைப் பிடித்து ஐடில்வுட்டில் ஸ்மோக் வீட்டுக்குப் போக வேண்டும், அவரை ஏற்றிக்கொண்டு ரயில் நிலையம் போக வேண்டும், அப்புறம்தான் ரயில். ஒரு தோல்விக்கு ஐந்தாறு நிமிடம் தண்டனை. மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து ஆடிய காலத்தில் ஒரு சனிக்கிழமை முழுப் பணமும் எனக்கு இதிலேயே போயிருக்கிறது. எனக்குத் தெரிந்து இந்த மிஷனோடு கேமைக் கைவிட்டவர்கள் நிறையப் பேர். சான் ஃபியரோவையே பார்க்காமல், கதையில் யார் யாருக்குத் துரோகம் செய்தார்கள் என்றே தெரியாமல் நின்றுபோனவர்கள். டெஃபினிட்டிவ் எடிஷனில் தோற்றவுடன் அதே இடத்தில் மறுபடி தொடங்கலாம். இந்த ஒரு வசதியே ஒருவரைக் கதையின் கடைசி வரைக்கும் கூட்டிப்போகும்.

ஓட்டுவதும் குறிவைப்பதும் ஐந்தாம் பாகம் போல மாற்றப்பட்டிருக்கின்றன. ஆயுதம் மாற்ற வட்டத் தேர்வு வருகிறது. மேப்பில் குறித்தால் பாதை காட்டுகிறது. பழைய ஆட்டக்காரர்கள் இதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பாதை காட்டும் கோட்டைப் பார்க்காமல் ஆடுங்கள் என்று மட்டும் சொல்வேன். அந்த ஊரில் வழி தவறிப்போய் ஒரு சின்னக் கிராமத்தைக் கண்டுபிடிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

ஆகவே என் முடிவு இதுதான். வேலை, வீடு என்று வாரத்துக்கு மூன்று மணி நேரம்தான் கிடைக்கும், முதன்முறையாக ஆடுகிறேன் என்பவருக்கு டெஃபினிட்டிவ் எடிஷன், கிளாசிக் லைட்டிங்கோடு. முழு விலைக்கு வாங்காதீர்கள். ஸ்டீமில் தள்ளுபடி வரும்வரை பொறுங்கள். சின்ன வயதில் ஆடியவர், அந்த ஊருக்குத் திரும்பிப் போக நினைப்பவர், கம்ப்யூட்டரில் ஒரு மாலை நேரம் செலவழித்து நான்கு மோட்களை நிறுவப் பொறுமை உள்ளவர் அசலுக்கே போகலாம். நான் வைத்திருப்பது அசல்தான். பழைய லேப்டாப் மட்டுமே இருக்கிறது என்றாலும் அசலே. போன் ஒன்றுதான் வழி என்பவர் மட்டும் போனுக்குப் போகலாம்.

தங்கை மகனை டெஃபினிட்டிவ் வாங்கச் சொன்னேன். தீபாவளிக்குக் கொடுத்த பணத்தில் வாங்கிவிட்டான். சீட் கோடு எதையும் நான் சொல்லித்தரவில்லை, அவனும் கேட்கவில்லை. நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு மெசேஜ் வந்தது: "மாமா, டிரெய்ன் மிஷன் முடிச்சிட்டேன். நாலாவது டிரை. ரைட் சைடுல தள்ளி ஓட்டணும்."